மாட்டின் ஏப்பமும் மனிதரின் தட்டும்

புல்லைத் தின்று உயிர்வாழ்வது எளிதான காரியமல்ல. புல்லுக்கு விறைப்பைத் தருவது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அதை உடைக்கும் நொதி மனிதருக்கும் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது. மாடு அந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் முதலாவதும் பெரியதும் பெருவயிறு. வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். காற்றுப் புகாத, வெதுவெதுப்பான, ஓயாமல் கலங்கிக்கொண்டிருக்கும் இந்த ஊறல் தொட்டியில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஒருசெல் உயிரிகளும் கோடானுகோடியாகக் குடியிருக்கின்றன. மேய்ச்சலில் அவசரமாக விழுங்கியதை மாடு நிழலில் படுத்தபடி கவளம் கவளமாக வாய்க்கு வரவழைத்து, அசைபோட்டு, மறுபடி உள்ளே அனுப்புகிறது. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டின் உடம்பு ஓடுவது பெரும்பாலும் அந்த அமிலங்களால்தான். எருமை, செம்மறி, வெள்ளாடு எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு.

புளிப்பு நடக்கும் இடத்தில் வாயு வரும். இட்லி மாவுப் பாத்திரம் பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பெருவயிற்றில் உண்டாகும் வாயுக்களில் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டு. ஹைட்ரஜன் தேங்கினால் புளிப்பு மந்தமாகிவிடும். அதை அப்புறப்படுத்தவே ஆர்க்கியா என்னும் பழமையான நுண்ணுயிர் இனம் அங்கே தங்கியிருக்கிறது. இரண்டு வாயுக்களையும் சேர்த்து அது மீத்தேனாக்கிவிடுகிறது. மீத்தேனால் மாட்டுக்குப் பயனில்லை என்பதால் ஏப்பமாக வெளியே போகிறது. பின்பக்கமாக வாயு விட்டு உலகைச் சூடாக்கும் மாட்டைக் கேலிச்சித்திரக்காரர்கள் விரும்பி வரைவார்கள்; திசையைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். மாடு விடும் மீத்தேனில் ஏறத்தாழ 95 சதவீதம் வாய், மூக்கு வழியாகவே வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு மாட்டிலிருந்து 250 முதல் 500 லிட்டர் வரை வெளியேறும். தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது; அந்த அளவுக்கு வளர்ப்பவருக்கும் நட்டம்.

சுற்றுச்சூழலுக்காக இறைச்சியைக் குறையுங்கள் என்ற பேச்சு தொடங்குவது இந்த ஏப்பத்திலிருந்துதான். மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்கார வாயு. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு. மனிதச் செயலால் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளின் ஏப்பத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் வருகிறது. தண்ணீர் தேங்கிய நெல்வயல்களின் பங்கு சுமார் 8 சதவீதம். ஆகவே பிரியாணியில் கறித்துண்டுக்கு மட்டுமல்ல, அதைச் சுற்றியிருக்கும் சோற்றுக்கும் ஒரு சிறிய மீத்தேன் கணக்கு உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு அடிக்கடி எழுப்பப்படுகிறது. மாட்டின் ஏப்பத்திலுள்ள கார்பன் புல்லிலிருந்து வந்தது. புல் அதைக் காற்றிலிருந்து எடுத்தது. மீத்தேன் சிதைந்தபின் மறுபடி கரியமில வாயுவாகிப் புல்லுக்கே போகிறது. நிலத்தடியிலிருந்து தோண்டியெடுத்த நிலக்கரியோடு அதை ஒப்பிடுவது எப்படிச் சரி? கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீத்தேன் காற்றில் சராசரியாக 12 ஆண்டுகள்தான் நிலைக்கும். நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். மாட்டு மந்தை ஒரே அளவில் இருந்தால் காற்றிலுள்ள அதன் மீத்தேனும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது செய்யும் சூடு மெய்யானது. கார்பன் புல்லிலிருந்து வந்ததா எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்று வெப்பம் விசாரிப்பதில்லை. தவிர, உலக மந்தை ஒரே அளவில் நிற்கவும் இல்லை. 1961இல் உலகின் இறைச்சி உற்பத்தி சுமார் 7 கோடி டன். இன்று அது 35 கோடி டன் அளவில் இருக்கிறது. மீத்தேனின் இந்தக் குறுகிய ஆயுளே இன்னொரு விதத்தில் வாய்ப்பாகவும் அமைகிறது. மந்தை சுருங்கினால் பத்து, இருபது ஆண்டுகளுக்குள் காற்றிலுள்ள மீத்தேனும் சுருங்கும். கரியமில வாயுவில் அத்தனை விரைவான பலன் எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஏப்பத்தோடு கணக்கு முடியவில்லை. சாணத்திலிருந்தும், தீவனப் பயிருக்குப் போடும் யூரியாவிலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு எழுகிறது; அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலிமையானது. கால்நடைத் துறையின் மொத்தப் பங்கைக் கணக்கிட்ட ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, 2006இல் உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 18 சதவீதம் என்றது, 2013இல் 14.5 சதவீதம் என்றது. 2023இல் வெளியிட்ட அறிக்கையில் ஏறத்தாழ 12 சதவீதம் என்றது. இடைப்பட்ட காலத்தில் மாடுகள் திருந்திவிடவில்லை. கணக்கிடும் முறையும் தரவுகளும் மாறின. மற்ற துறைகளின் புகையும் கூடியது. எந்த எண்ணை எடுத்தாலும் இது சில்லறை விவகாரம் அல்ல.

ஏப்பம் கண்ணுக்குத் தெரியாது. கால்நடை செய்யும் அடுத்த காரியம் செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும்: நிலம். ஒரு கிலோ பட்டாணியை நேரே மனிதர் தின்றால் அந்த நிலத்தின் விளைச்சல் முழுதும் அவருக்கு. அதைக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிட்டு அதன் இறைச்சியைத் தின்றால், இடையில் அந்த விலங்கு நடந்தது, மூச்சுவிட்டது, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டது, எலும்பும் இறகும் வளர்த்தது எல்லாவற்றுக்கும் பட்டாணியிலிருந்தே செலவு கழிகிறது. கோழி தின்ற தீவனத்தின் ஆற்றலில் எட்டில் ஒரு பங்குதான் இறைச்சியாகக் கிடைக்கிறது. மாட்டில் அது 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக்கும் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 40 உணவுப் பொருள்களை ஒப்பிட்ட ஆய்வு அது. உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைக் கால்நடைகளும் அவற்றின் தீவனமும் எடுத்துக்கொள்கின்றன; பதிலுக்கு அவை தருவது மனிதர் உண்ணும் கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம் என்று அதில் தெரியவந்தது. இந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். அதில் கணிசமான பகுதி வேறு பயிருக்கு ஆகாத வறண்ட புல்வெளி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மங்கோலியப் புல்வெளியின் பெரும்பகுதியில் கோதுமை போட முடியாது. ஆனால் பிரேசிலின் அமேசான் பகுதி வறண்ட புல்வெளியாக இருந்ததில்லை. அங்கே காடு வெட்டப்பட்ட நிலத்தில் பெரும்பகுதியில் இன்று மாடு மேய்கிறது. உலகில் விளையும் சோயாவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போவது கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் தீவனத்துக்கு. ‘சோயா தின்பவர்களால் காடு அழிகிறது’ என்று சைவ உணவுக்காரர்களை மடக்குவோர், அந்தச் சோயாவைத் தின்றது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காட்டோடு காட்டு விலங்குகளும் ஒடுங்கியிருக்கின்றன. உலகிலுள்ள பாலூட்டிகள் எல்லாவற்றையும் தராசில் ஏற்றினால் அந்த எடையில் 60 சதவீதம் வளர்ப்புக் கால்நடைகள், 36 சதவீதம் மனிதர்கள்; யானை, திமிங்கிலம், மான், எலி உட்பட மற்ற எல்லாமும் சேர்ந்து 4 சதவீதம். இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவன ஆய்வாளர்களும் ஒரு கலிபோர்னியப் பேராசிரியரும் 2018இல் போட்ட கணக்கு இது.

இதுவரை ‘இறைச்சி’ என்று ஒரே சொல்லால் சொல்லிவந்தாலும் அந்தச் சொல்லுக்குள் மிகப் பெரிய வேறுபாடுகள் ஒளிந்திருக்கின்றன. பூர்–நெமெசெக் ஆய்வின்படி, இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறச் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்கள் வெளியாகின்றன. ஆட்டிறைச்சிக்கு 20, கறவை மந்தையிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கு 17, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2. சோயாவிலிருந்து செய்யும் டோஃபுவுக்கு 2. பட்டாணிக்கு அரைக் கிலோவுக்கும் கீழே. மாட்டுக்கும் கோழிக்கும் உள்ள இடைவெளி, கோழிக்கும் பட்டாணிக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஏப்பம் ஒரு காரணம். கோழிக்கும் பன்றிக்கும் பெருவயிறு இல்லை. இன்னொரு காரணம் தாய். பண்ணையில் ஒரு பசு ஆண்டுக்கு ஒரே ஒரு கன்றுதான் ஈனும். அந்த ஒரு கன்றுக்காக ஆண்டு முழுக்கத் தாய் தின்றதும் ஏப்பம் விட்டதும் கன்றின் இறைச்சிக் கணக்கில் ஏறுகிறது. கன்று வளர்ந்து எடைபோடவும் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். பெற்றோர்க் கோழி ஒன்றிலிருந்தோ ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கிடைக்கும். ஒவ்வொரு பிராய்லர் குஞ்சும் 35, 40 நாளில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே தீவனம் தின்று இரண்டு கிலோவாகிவிடும். தாயின் செலவு நூறு பங்காகப் பிரிந்து ஒன்றுமில்லாமல் போகிறது. கறவை மந்தையின் மாட்டிறைச்சிக்குக் கணக்குக் குறைவதும் இதனால்தான்: அங்கே தாயின் செலவில் பெரும்பகுதியைப் பால் ஏற்றுக்கொள்கிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மாட்டைவிட்டுக் கோழிக்கு மாறினால் வளிமண்டலத்துக்கு லாபம். ஆனால் ஒரு மாட்டின் இறைச்சிக்கு ஈடு செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளை அறுக்க வேண்டும். சுற்றுச்சூழலும் சீவகாருண்யமும் எப்போதும் ஒரே வழியில் போவதில்லை.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இரண்டு யோசனைகள் இந்தக் கணக்கில் நிற்பதில்லை. உள்ளூர் இறைச்சியாக வாங்கினால் போதும் என்பது ஒன்று. உணவின் மொத்த வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். மாட்டிறைச்சியில் அது 1 சதவீதம்கூட இல்லை. பக்கத்து ஊர் மாடும் ஏப்பம் விடத்தான் செய்யும். புல் மட்டுமே மேய்ந்த மாடு தூய்மையானது என்பது இன்னொன்று. மேய்ச்சல் நிலத்தின் மண்ணில் கார்பன் சேர்வது உண்மை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஒரு குழு 2017இல் உலக அளவில் கணக்கிட்டபோது, மேய்ச்சல் கால்நடைகள் வெளியிடுவதில் மிஞ்சிப்போனால் 20 முதல் 60 சதவீதத்தை மட்டுமே மண் ஈடுகட்டும் என்று வந்தது; அதுவும் மண் நிறையும் வரை சில பத்தாண்டுகளுக்குத்தான். புல் மட்டும் தின்னும் மாடு மெதுவாக வளர்வதால் அதிக நாள் வாழ்ந்து அதிக ஏப்பமும் விடுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எண் தவறாகப் பயன்படுகிறது. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் தண்ணீர் என்று சுவரொட்டிகளில் போடுகிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்ட எண்தான் அது. ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் புல்லின்மீதும் தீவனப் பயிரின்மீதும் பெய்த மழை. குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுத்த நீர் போல அதைச் சொல்வது வாதத்துக்கு வலுச் சேர்க்காது. இறைச்சியைக் குறைக்க மீத்தேனும் நிலமுமே போதுமான காரணங்கள்.

எவ்வளவு குறைத்தால் பலன் உண்டு? ஒரே பாய்ச்சலில் முழுச் சைவமானால்தான் பயன் என்ற எண்ணம் பலரை முதல் அடிகூட எடுத்துவைக்க விடாமல் தடுக்கிறது. 2023இல் ‘நேச்சர் ஃபுட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 55,000க்கும் மேற்பட்டவர்கள் அன்றாடம் என்ன உண்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் தட்டின் பின்னாலும் உள்ள வாயுவைக் கரியமில வாயுவுக்கு ஈடாகக் கணக்கிட்டார்கள். நாளுக்கு 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவரின் தட்டு நாளொன்றுக்கு 10 கிலோவைச் சற்றுத் தாண்டியது. 50 கிராமுக்குக் கீழே உண்பவருக்கு அது 5.4 கிலோ, பாலும் முட்டையும் சேர்க்கும் சைவ உணவுக்காரருக்கு 4.2, விலங்குப் பொருளே தொடாதவருக்கு 2.5. அதிகம் உண்பவர் ‘கொஞ்சமாக உண்பவர்’ ஆனாலே சுமை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அங்கிருந்து சைவத்துக்குப் போவது அதைவிடச் சிறிய படி.

2019இல் 37 அறிவியலாளர்கள் சேர்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் முன்வைத்த உணவுத் திட்டமும் முழு விலக்கைக் கேட்கவில்லை. மாடு, ஆடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சிகள் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 14 கிராம், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம். கோழி நாளுக்கு 29 கிராம். பருப்பு, பயறு வகைகள் 75 கிராம். தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை ஆட்டுக்கறி, வாரத்தில் ஒன்றிரண்டு வேளை கோழி, தினமும் சாம்பாரும் சுண்டலும்.

குறையுங்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. அமெரிக்காவில் தலைக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி புழங்குகிறது. உலகச் சராசரி 43 கிலோ அளவில் இருக்கிறது. இந்தியாவில் 10 கிலோகூட இல்லை. இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் போதாமல் சோகை பிடித்த குழந்தைக்கு வாரம் இரண்டு முட்டை கூடுதலாகக் கிடைப்பதைப் பருவநிலையின் பெயரால் யாரும் தடுக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் மாட்டுக் கணக்கு இறைச்சியில் இல்லை, பாலில் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடும் என்றும், வட அமெரிக்க மாடு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் விடும் என்றும் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே வழிகாட்டியில் அமெரிக்க மாட்டின் பால் ஆண்டுக்கு 8,400 கிலோ. இந்திய மாட்டுக்கு அது வைத்த கணக்கு 900 கிலோ. பால் பிறகு கூடியிருந்தாலும் நிலைமை இதுதான்: இந்திய மாட்டுக்கு ஏப்பம் குறைவு, லிட்டருக்கு ஏப்பம் அதிகம். பூர்–நெமெசெக் ஆய்வில் 100 கிராம் புரதத்துக்குப் பாலாடைக்கட்டியின் சராசரி 11 கிலோ. கோழியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கோழிக்கறியை விட்டுவிட்டுப் பனீர் பட்டர் மசாலாவுக்கு மாறியவர் வேறு எந்தக் காரணத்துக்காக மாறியிருந்தாலும் சரி. மீத்தேனைக் குறைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கொண்டைக்கடலைக்கு மாறினால்தான் அது குறையும்.

மாட்டின் பக்கமே சரிசெய்துவிடலாம் என்றும் முயற்சிகள் நடக்கின்றன. ஆர்க்கியாவின் வேலையைத் தடுக்கும் 3-என்ஓபி என்னும் பொருளைத் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் மீத்தேன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதைக் கறவை மாடுகளுக்கு அனுமதித்தது. ஒரு வகைச் சிவப்புக் கடற்பாசி, கலிபோர்னியாவில் காளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 80 சதவீதம் வரை குறைத்தது. இரண்டும் தினமும் தொட்டியில் தீவனம் வைக்கும் பண்ணைக்கு உதவும். காலையில் அவிழ்த்துவிட்டால் மாலையில் திரும்பும் மாட்டுக்கு யார் கலந்துகொடுப்பது?

ஆக, தட்டுப் பக்கம்தான் மிச்சம். மனிதரைக் குறைவாக இறைச்சி உண்ண வைக்கும் முயற்சி புதிதல்ல. முதல் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்க உணவு நிர்வாகம் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் செவ்வாய்க்கிழமையை இறைச்சியில்லா நாளாக்கியது. மிச்சமாகும் உணவு ஐரோப்பாவுக்கும் படைவீரர்களுக்கும் போனது. 2003இல் விளம்பரத் துறைக்காரரான சிட் லெர்னர் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றி ஓர் இயக்கமாகத் தொடங்கியபோது நோக்கம் இதய நலம்; பருவநிலை பிறகுதான் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று ஏற்கெனவே பல வீடுகளில் நாள்கள் உண்டு. புரட்டாசி பிறந்தால் கோழி, முட்டை விலை இறங்குவது நாமக்கல்லுக்குத் தெரிந்த சங்கதி. மாதம் முழுக்க இலட்சக்கணக்கான வீடுகள் கறியை நிறுத்திவைக்க ஒரு நாட்காட்டி போதுமானதாக இருக்கிறது. அந்த நாட்காட்டியில் மீத்தேன் என்ற சொல்லே கிடையாது.

நாட்காட்டி செய்வதை அரசியல் கட்சி செய்யப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 2013இல் அந்நாட்டின் பசுமைக் கட்சி, அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளில் வாரம் ஒரு நாள் சைவமாக இருக்கட்டும் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. நாட்டிலேயே அதிகம் விற்கும் நாளிதழ், இவர்கள் நம் இறைச்சிக்குத் தடை போடப் பார்க்கிறார்கள் என்று ஆகஸ்ட் மாதம் கொட்டை எழுத்தில் போட்டது. தேர்தல் பேச்சே அதைச் சுற்றி ஓடியது. செப்டம்பரில் கட்சியின் வாக்கு 10.7 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாக இறங்கியது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு நெடுங்காலம் அரசியல்வாதிகள் இறைச்சி என்ற சொல்லையே தொடத் தயங்கினார்கள்.

பேசாமல் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உணவுத் துறை 2016இல் தன் உணவகங்களிலிருந்து மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் எடுத்துவிட்டது. கோழியையும் பன்றியையும் எடுக்கவில்லை. சமையல்காரர்களுக்குக் காய்கறி, பயறுச் சமையலில் தனிப் பயிற்சி கொடுத்தது. 2019இல் கணக்குப் பார்த்தபோது, வாங்கிய உணவில் கிலோவுக்கு வெளியாகும் வாயு 33 சதவீதம் குறைந்திருந்தது. அசைபோடும் விலங்குகளை மட்டும் எடுத்தாலே இவ்வளவு.

அதே ஊரில் எம்மா கார்னெட் என்ற ஆய்வாளர், கல்லூரி உணவகங்களில் விற்ற 94,000க்கும் மேற்பட்ட சாப்பாடுகளின் விற்பனைப் பதிவை ஆராய்ந்தார். நான்கு பதார்த்தங்களில் ஒன்று சைவமாக இருந்த இடத்தில் இரண்டாக்கியபோது, சைவச் சாப்பாட்டின் விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. மதியம் சைவம் சாப்பிட்டவர்கள் இரவில் அதற்கு ஈடுகட்டக் கறியைத் தேடிப்போகவும் இல்லை. அதிகம் மாறியது வழக்கமாகக் கறியையே எடுப்பவர்கள். இன்னொரு சோதனையில், வரிசையில் முதலில் சைவத்தை வைத்துப் பார்த்தார்கள். சைவத் தட்டுக்கும் அடுத்த கறித் தட்டுக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்த உணவகத்தில் சைவம் கூடுதலாகப் போனது. இரண்டும் நெருங்கியிருந்த இடத்தில் கண் அடுத்த தட்டுக்குத் தாவிவிட்டது. எந்தப் பலனும் இல்லை. கையில் காலித் தட்டோடு பசியாக நிற்பவரின் முடிவை இரண்டு எட்டு தூரம் மாற்றிவிடுகிறது.

இதைவிடத் தூக்கலான விளைவு டென்மார்க்கில் கிடைத்தது. மாநாடுகளுக்குப் பதிவு செய்வோரிடம் வழக்கமாக ‘மதிய உணவு அசைவம், சைவம் வேண்டுவோர் குறிக்கவும்’ என்று கேட்பார்கள். ஆய்வாளர்கள் அதைத் திருப்பிப்போட்டு, ‘மதிய உணவு சைவம், அசைவம் வேண்டுவோர் குறிக்கவும்’ என்றாக்கினார்கள். மூன்று மாநாடுகளில் ஒன்றில் சைவம் எடுத்தவர்கள் 2 சதவீதத்திலிருந்து 87 சதவீதமானார்கள்; மற்ற இரண்டிலும் 85க்கு மேல்தான். யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. கட்டத்தில் ஒரு குறி போட்டால் கறி கிடைத்திருக்கும். நியூயார்க் நகரின் 11 அரசு மருத்துவமனைகள் 2022இல் இதே முறையில் நோயாளிகளின் மதிய உணவை மாற்றின. பிறகு இரவு உணவையும் மாற்றின. உணவின் கரிமச் சுமை 36 சதவீதம் குறைந்தது.

பெயரிலும் விஷயம் இருக்கிறது. லண்டன் பொருளியல் கல்லூரியின் ஓர் ஆய்வில், உணவுப் பட்டியலில் சைவத்தைத் தனிக் கட்டம் போட்டு ஒதுக்கியபோது அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் 56 சதவீதம் குறைந்தார்கள். பிரிட்டனில் ஒரு கடைத்தொடரின் உணவகங்களில், ‘இறைச்சியில்லா சாசேஜ்’ என்ற பெயரை எடுத்துவிட்டுக் கம்பர்லாந்து என்ற வட்டார மசாலாவின் பெயரைச் சூட்டியதும் விற்பனை 76 சதவீதம் ஏறியது. இல்லாத ஒன்றின் பெயரால் எந்த உணவும் ருசிக்காது. பாசிப்பருப்புப் பாயசத்தை யாரும் ‘முட்டையில்லாப் பாயசம்’ என்று விற்பதில்லை.

வரி போடும் துணிவு இதுவரை ஒரு நாட்டுக்குத்தான் முழுதாக வந்திருக்கிறது. நியூசிலாந்து ஏப்பத்துக்கு விலை வைப்பதாகச் சொல்லி 2024இல் பின்வாங்கியது. அதே ஆண்டு டென்மார்க், விவசாயிகள் சங்கத்தையும் சுற்றுச்சூழல் அமைப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து உடன்பாடு கண்டது. 2030 முதல் கால்நடைகளின் வாயுவுக்கு, கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் வரி; 60 சதவீதக் கழிவு போக விவசாயி கட்டுவது 120. 2035இல் அது 750 ஆக உயரும். கழிவு போக 300. வரி விழுவது பண்ணையின் மீது. உண்பவரின் தட்டுக்கு அது விலையாக வந்து சேரும்.

பசுமைக் கட்சியைத் தண்டித்த ஜெர்மனியில் பின்னர் நடந்தது வேறு. 2010களின் தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுக்கு 60 கிலோவுக்கு மேல் இறைச்சி உண்ட ஜெர்மானியர்கள் 2022இல் 52 கிலோவுக்கு வந்துவிட்டார்கள். 1989இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு குறைவாக அவர்கள் உண்டதில்லை. சட்டம் எதுவும் வரவில்லை. ஆனால் குறைந்தது எது என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி பன்றி: 40 கிலோ அளவிலிருந்து 29 கிலோவுக்கு இறங்கியிருந்தது. கோழி கூடியது. மாட்டிறைச்சி 9 கிலோவை ஒட்டியே, ஏறக்குறைய அசையாமல் நின்றது.